மரகதம் அக்கா சத்தமாகச் சொன்னது

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் அது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. ஊர் முழுக்கக் காய்ச்சல். வார்டில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. காயாத துணியின் வாடையும் ஸ்பிரிட் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

கட்டிலில் இருந்தவர் மரகதம் அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. வீட்டிலேயே தறி வைத்துப் பட்டு நெய்பவர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனதால், தினமும் காலையில் அவரிடம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலை என்னுடையது.

வலது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இடது கையில் எடுத்தேன். தறிக்காரர்கள் கையில் நரம்பைத் தேட வேண்டியதே இல்லை. மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும் தானாக எழுந்து நிற்கும். ஒரே குத்தில் ரத்தம் டியூபுக்குள் வந்தது. பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவி, பஞ்சை வைத்து, "அமுக்கிப் புடிச்சுக்கோங்கக்கா" என்றேன்.

கட்டிலின் மறுபக்கம் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி அக்காவின் ஒரே மகள் வாணி. இன்னொருவர் பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து வந்திருந்த கன்னியம்மாள். வாணியைக் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அம்மா. சம்பந்தியைப் பார்க்க ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

ஊசியை அதற்கான வெள்ளை டப்பாவில் போடத் திரும்பினேன். டப்பா என் தள்ளுவண்டியிலேயே, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதே நொடியில் பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல் வேகத்தில் பிதற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று எழுந்து நின்றாள். கால் தள்ளாடியது. அப்படியே என் மேல் சரிந்தாள். அவளைத் தாங்க என் இடது கை தானாக நீண்டது. வலது கையில் ஊசி இருந்தது.

இடது கட்டைவிரலின் அடியில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, ஊசியை டப்பாவில் போட்டுவிட்டுப் பார்த்தேன். கையுறைக்குள் ஒரு கடுகளவு சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

எங்கள் சுத்தம், அவர்கள் மடி

இந்தத் தொடரை வாசிக்கும் ஒரு பெரியவர் தொலைபேசியில் கேட்டார்: "தினமும் அத்தனை பேர்கிட்ட ரத்தம் எடுக்கறீங்க, பயமா இருக்காதா?" அந்தக் கேள்விதான் இந்த வாரம் என்னை அந்த ஜன்னலோரக் கட்டிலுக்கு அழைத்துப்போனது. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் வேறு கதை பேச வேண்டும். எங்கள் வேலையில் சுத்தம் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் மீதி புரியும்.

தோல் நம் உடம்பின் மதில். நாள் முழுக்கத் தூசியும் கிருமியும் அதன் மேல் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே எதையும் விடுவதில்லை. ஊசி குத்தும்போது அதில் நாங்களே ஒரு வழி திறக்கிறோம். உள்ளேயிருந்து ரத்தம் வரலாம், வெளியிலிருந்து வேறொன்றும் போய்விடக் கூடாது. ஒருவருடையது இன்னொருவருக்குப் போகவே கூடாது. மொத்தப் பாடமும் இவ்வளவுதான்.

கேட்கச் சுலபமாக இருக்கும். செய்கையில் ஆயிரம் சின்ன ஆசைகளை அடக்க வேண்டும். ஸ்பிரிட் தடவிய இடம் தானாகக் காயும்வரை சும்மா நிற்க வேண்டும். பொறுமை இல்லாமல் கையால் விசிறத் தோன்றும், கூடாது. துடைத்த பிறகு நரம்பு அங்கேதான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும், கூடவே கூடாது. குழந்தைகளுக்கு எடுக்கும்போது அம்மாமார்கள் "ஒண்ணும் இல்லடா கண்ணு" என்று அந்த இடத்தில் வாயால் ஊதிவிடுவார்கள். அன்பாகத்தான். உடனே மறுபடியும் முதலிலிருந்து துடைப்பேன். முறைப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் புது ஊசி, புதுக் கையுறை. கழற்றிய பிறகு மறுபடியும் கை கழுவ வேண்டும். "அதான் கையுறை போட்டிருந்தியேமா, அப்புறம் எதுக்குக் கழுவற?" என்று கேட்காத நோயாளி குறைவு.

சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்த காலம் ஒன்று உண்டு. பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாமி. சர்க்கரை உள்ளவர். குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு, மடியாக நின்றுகொண்டிருப்பார். நான் வாசல் குழாயில் கை கழுவி நிமிரும்போதே குரல் வரும்.

"ஏண்டிம்மா, கை அலம்பிண்டியோ?"

"அலம்பிட்டேன் மாமி."

"நன்னா சோப்புப் போட்டு?"

"சோப்புப் போட்டுத்தான் மாமி. அங்கயே நின்னு பாத்தீங்களே."

"பார்த்தேன். இன்னொரு தரம் அலம்பிண்டா ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டே."

சிரித்துக்கொண்டே மறுபடி கழுவுவேன். ரத்தம் எடுத்து நான் தெருவில் இறங்குவதற்குள் மாமி மறுபடி குளிக்கப் போய்விடுவார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு ஒரு நாள் வண்டியில் வரும்போது யோசித்தேன். மாமியின் சுத்தம் யாரையும் தொடாமல் இருப்பதற்கு. என் சுத்தம் யாரை வேண்டுமானாலும் தொடுவதற்கு. நான் கை கழுவுவது விலகி நிற்க அல்ல, கிட்டே போக. அன்றிலிருந்து மாமியிடம் எனக்கு வருத்தம் வரவில்லை. என் வேலை மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

சரி, வார்டுக்குத் திரும்புவோம்.

நில்லும்மா

ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிதுக்கக் கூடாது. வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வார்டின் கோடியில் இருந்த குழாயை நோக்கி நடந்தேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"சிஸ்டர், நில்லு! அந்த ஊசி உன் கையில குத்திடுச்சா?"

மரகதம் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சு கீழே விழுந்து, முழங்கை மடிப்பிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"லேசாத்தான்கா. நீங்க படுங்க. கழுவிட்டு வந்துடறேன்."

"கழுவினா மட்டும் போதாதும்மா."

"அக்கா, ஒண்ணும் இல்ல…"

"சொல்றத கேளு. எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. இப்பவே போய் மருந்து போட்டுக்கோ. இதுக்கு நேரம் ரொம்ப முக்கியம். நின்னுக்கினு இருக்காத, போ!"

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ரகசியம் சொல்லும் குரல் இல்லை அது. பஸ் கிளம்பிவிடப் போகிறது என்று ஒருவரை எழுப்பி அனுப்பும் குரல்.

வார்டில் அதுவரை இருந்த சத்தம் எல்லாம் நின்றுபோனது. ஜன்னல் தகரத்தில் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது. வாணி தாயின் தோளைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று அந்த முகமே சொன்னது. கன்னியம்மாள் கடலைப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதலில் மரகதம் அக்காவைப் பார்த்தார், பிறகு வாணியைப் பார்த்தார். பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

நான் குழாயைத் திறந்தேன். சோப்புப் போட்டு விரலை நுரைக்கத் தேய்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? இந்த அம்மா என்ன காரியம் செய்துவிட்டார் என்கிற மலைப்புதான் முதலில் வந்தது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி அம்மாள் கட்டிலை ஒட்டி நிற்கிறார். சுற்றிலும் சொந்தத் தெரு ஆட்கள். வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எனக்கும்.

பைக்கில் போன தூரம்

எங்கள் சின்ன மருத்துவமனையில், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் அந்த மாத்திரை கிடையாது. டாக்டர் அம்மா என்னைப் பேசவே விடாமல், "உடனே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போ, ஜோதி. நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்றார். கணவருக்குச் சொன்னேன். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அன்று நல்ல வேளையாக வீட்டில் இருந்தார். மழையில் நனைந்துகொண்டே பைக்கில் வந்து நின்றார்.

வழியில் சிக்னலில் நிற்கும்போது அவர் பின்னால் கையை நீட்டி, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். குத்துப்பட்ட கை. நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் பொறுமையாகப் பேசினார். சீக்கிரம் வந்தது மிகவும் நல்லது என்றார். அந்த நோயாளி ஒழுங்காகச் சிகிச்சையில் இருப்பவர் என்றால் ஆபத்து மிகவும் குறைவு, ஆனாலும் மாத்திரையைத் தவறாமல் ஏறக்குறைய ஒரு மாதம் சாப்பிட வேண்டும், பிறகு சில மாத இடைவெளிகளில் ரத்தப் பரிசோதனை என்றார். என் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். எடுத்த பெண் ஸ்பிரிட் காயும்வரை காத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

முதல் மாத்திரையை அங்கேயே, டம்ளரில் கொடுத்த தண்ணீரோடு விழுங்கினேன். மதியம் ஆகவில்லை இன்னும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வழக்கம்போல் மடியில் வந்து விழுந்தாள். அவளைத் தொடலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். நான்! தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது என்று எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கு என்று வந்ததும் உடம்பு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுபடியும் அதே கட்டில்

மறுநாள் லீவு போடச் சொன்னார்கள். போடவில்லை. அக்காவின் தட்டணுக்கள் அன்றும் பார்க்கப்பட வேண்டும். வேறு ஒருவரை அனுப்பினால், நான் பயந்து ஒதுங்கிவிட்டேன் என்று வார்டே நினைக்கும். அதைவிட முக்கியம், அவர் அப்படி நினைத்துவிடக் கூடாது.

வார்டில் நுழைந்ததும் தெரிந்தது. ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் காலி. பிதற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் வீட்டார் வேறு இடம் கேட்டு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்க் கட்டிலின் முன்னால் யாரோ ஒரு போர்வையைத் திரைபோலக் கட்டியிருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீ வேணாம்மா. வேற யாரையாவது அனுப்பு."

"யார் வந்தாலும் இதே ஊசிதான்கா. கையக் குடுங்க."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்கா. நேத்து மதியத்துக்குள்ளயே."

"வாந்தி வருதா?"

"லேசா."

"வரும். ராவுல சாப்பிட்டுட்டுப் போட்டுக்கினு படுத்துடு. எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துது. அப்புறம் உடம்பு பழகிக்கும்."

பட்டையைக் கட்டினேன். துடைத்தேன். காயக் காத்திருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் அன்று வெகு நீளமாக இருந்தது. அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்கு அவகாசம் கொடுப்பதுபோல் பேசத் தொடங்கினார்.

"என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருந்துதும்மா. ரொம்ப நாளாவே. என்கிட்ட சொல்லல. பயம். நான் வுட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்தாரோ, ஊரு சிரிக்கும்னு பயந்தாரோ. அவரு போனப்புறம் டாக்டருங்க என்னை டெஸ்ட் பண்ணாங்க. இருக்குதுன்னாங்க. வாணிக்குப் பண்ணாங்க. இல்லன்னாங்க. அன்னிக்குத்தான் நான் மூச்சே வுட்டேன்."

ஊசி உள்ளே போனது. ரத்தம் வந்தது. எல்லோருடையதையும் போலவே சிவப்பு, எல்லோருடையதையும் போலவே டியூபுக்கு வெளியிலும் தெரிகிற சூடு.

"அவர நான் குத்தம் சொல்லல. ஆனா ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன். நேத்து நீ அந்தக் குழாய்கிட்ட நடந்து போறத பாத்தேன். நீ கைய கழுவிட்டு வேற வார்டுக்குப் போயிடுவ. நான் உன்னை எங்க தேடுவேன்? அதான் கத்திட்டேன்."

"வாணி கல்யாணம்கா…"

நான் பஞ்சை வைத்ததும் அக்கா கையை மடக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கல்யாணம் நின்னா வேற புள்ள பாக்கலாம். உனக்கு வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார்.

ஊசி டப்பாவில் விழுந்தது. டக்கென்று அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் இருவரும் ஒருசேரப் பெருமூச்சு விட்டோம். பிறகு, எப்படியென்று தெரியவில்லை, சிரித்துவிட்டோம். போர்வைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

நான் கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். பல வருடங்களாக ஒருநாளும் மாத்திரையை விட்டதில்லையாம். ஊரில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று வேறு ஊருக்குப் பஸ்ஸில் போய் வாங்கி வருவாராம். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மழையோ, காய்ச்சலோ, மகள் பரீட்சையோ, அந்தப் பஸ்ஸை அவர் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்தியின் கட்டைவிரலில் ஒரு நாள் ஊசி குத்தும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் என்னைப் பாதுகாக்கும் வேலையை அவர் என்னைப் பார்ப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கன்னியம்மாள் கேட்ட கேள்விகள்

அக்கா குணமாகி வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் இருக்கும். ஒரு நாள் எங்கள் மருத்துவமனை லேபில் ரத்தம் கொடுக்க வந்த வரிசையில் கன்னியம்மாள் நின்றிருந்தார். முறை வந்ததும் எனக்கு முன்னால் உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை.

"நீதானே அன்னிக்கு ஊசி குத்திக்கினது?"

"ஆமாம்மா."

"உனக்கு வந்துடுச்சா?"

"இதுவரைக்கும் இல்ல. இன்னும் டெஸ்ட் இருக்குது."

"அந்தப் பொண்ணு வாணிக்கு?"

"யாரப் பத்தியும் நான் சொல்லக் கூடாதும்மா. பொதுவா அந்த நோயப் பத்திக் கேளுங்க. தெரிஞ்சதச் சொல்றேன்."

கேட்டார். விடாமல் கேட்டார். ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா, ஒரே பாயில் படுத்தால் வருமா, கொசு கடித்தால் வருமா, பேரப்பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தால் வருமா. வராது, வராது, வராது என்றேன். எந்த வழியில் வரும் என்பதையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டார்கள்.

"எம்மவன் வூட்ல வாயே தெறக்க மாட்டேங்கறான். எங்க அண்ணன் வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. நானும் வேணாம்னுதான் இருந்தேன்."

நான் அவர் சீட்டில் பெயரை எழுதினேன்.

"அந்தப் பொண்ணையே நேரா போய்க் கேட்டேன். எனக்கு இல்ல அத்தைன்னு சொல்லுச்சு. வூட்டுக்கு வந்து படுத்துக்கினு யோசிச்சேன். சொல்றத நம்பறதா வேணாமா? அப்புறம் தோணுச்சு. இவங்க அம்மா என் கண்ணு முன்னாடி, பொண்ணோட வாழ்க்கையே போவும்னு தெரிஞ்சும், எவளோ ஒருத்திக்காக உண்மைய சொன்னவ. பொய் சொல்ற குடும்பமா இருந்தா அன்னிக்கே வாய மூடிக்கினு இருந்திருப்பா. அவ வளத்த பொண்ணு என்கிட்ட ஏன் பொய் சொல்லப் போவுது?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கவில்லை. கணக்குப் பார்த்து முடிவு செய்த குரல். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறையைத் தேடினேன்.

"இன்னாத்துக்கு இத்தினி பந்தோபஸ்து? எனக்கு வெறும் சக்கரதான் பாக்கணும்" என்றார், கையுறையைப் பார்த்து.

"எல்லாருக்கும் இப்படித்தான்மா. யாரு ரத்தத்துல இன்னா இருக்குதுன்னு மூஞ்சியப் பாத்துத் தெரியாது. அதனால எல்லாரையும் ஒரே மாதிரிதான் பாக்கணும்."

"அப்போ எனக்கும், மரகதத்துக்கும்…"

"ஒரே மாதிரிதான்."

அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீட்டினார்.

தை பிறந்த பிறகு

கல்யாணம் நடந்தது. பெரிதாக இல்லை. கன்னியம்மாளின் அண்ணன் வரவில்லை. அவரைச் சேர்ந்த சில வீடுகளும் வரவில்லை. பந்தியில் சில இலைகள் ஆள் இல்லாமல் இருந்தன. கன்னியம்மாள் அதைக் கவனிக்காததுபோல் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். வாணியும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி, வேறெதுவும் கண்ணில் படாதவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் மரகதம் அக்கா அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கொடுத்தது கொஞ்சமில்லை. வீட்டுச் சொந்தக்காரர் ஏதோ வேறு காரணம் சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். எதிர்வீட்டுப் பெண் கோலமாவு கடன் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. வாணி சொல்லித்தான் தெரியும்.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுவேன் என்றேன். "எழுதும்மா. ஆனா என்னை அழுமூஞ்சியா எழுதிடாத" என்றார். அந்தக் கட்டளையைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

என் கடைசிப் பரிசோதனை கோடை வெயில் ஏறத் தொடங்கிய பிறகு வந்தது. முடிவைக் கேட்டதும் கணவருக்குப் போன் செய்தேன். "அந்த அக்காகிட்ட சொல்லிட்டியா? மொதல்ல போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். புது வீட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. கதவு திறந்தே இருந்தது. அக்கா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீரைக் காம்போடு அப்படியே எழுந்து நின்றார். என்ன என்று வாயால் கேட்கவில்லை. முகம் கேட்டது.

"இல்லன்னு வந்துடுச்சுக்கா. கடைசி டெஸ்ட். இனிமே இல்ல."

அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கையில் இருந்த காம்பிலிருந்து கீரை இலைகளை ஒவ்வொன்றாக உருவி முறத்தில் போட்டார்.

"வாணிக்குப் போவல. உனக்கும் போவல" என்றார் கடைசியாக. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலத்தான் இருந்தது. "என்கிட்ட வந்தது என்னோடயே நின்னுடுச்சு."

பிறகு எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.